520டி ஆட்டோமேட்டிக்: கியர் ஆயிலை மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2009 மாடல் பிஎம்டபிள்யூ 520டி, ஆட்டோமேட்டிக். கொச்சியில் செகண்ட் ஹேண்டாக எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது, இப்போது 1,18,000 கிலோமீட்டர். தங்கையை வால்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், அதனால் மாதம் இரண்டு தடவையாவது ஆழியாறிலிருந்து அந்த 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. போன மாதத்திலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் மாதிரி இடங்களில் வேகம் குறைத்து நிற்கப் போகும்போது, இரண்டாம் கியர் ஒன்றுக்கு இறங்கும் நேரத்தில், பின்னாலிருந்து யாரோ லேசாக இடித்தது போல ஒரு தட்டு. காலையில் எடுக்கும்போது இல்லை, வண்டி நன்றாகச் சூடான பிறகுதான்.

கியர் ஆயில் அளவு பார்க்கலாம் என்று பானட்டைத் திறந்தால் அதற்கு ஸ்டிக்கே கிடையாது. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் "இது லைஃப்டைம் ஆயில், கை வைத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்ய, அதாவது பழைய ஆயிலை மெஷினால் தள்ளி வெளியேற்ற, சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? ரொம்ப ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை_டீசல்:
தொடாதீர்கள். என் மாமா தன் காருக்கு 1,60,000-ல் ஃப்ளஷ் போட்டார், அடுத்த வாரமே ஆரியங்காவு ஏற்றத்தில் மூன்றாவது கியர் வழுக்க ஆரம்பித்தது, கடைசியில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியதாகிவிட்டது.

பொள்ளாச்சி_ஸ்பேனர்:
தம்பி, உங்கள் வண்டியில் இருப்பது இசட்எஃப் கம்பெனியின் 6 ஸ்பீடு கியர் பெட்டி. லைஃப்டைம் என்று சொல்வது காரை விற்கிறவர்கள், பெட்டியைச் செய்த இசட்எஃப் சொல்வது வேறு: ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில், ஆயிலை மாற்ற வேண்டும். மலை ஏறுகிற உங்கள் வண்டிக்கு 80,000-லேயே மாற்றியிருக்க வேண்டும்.

செங்கோட்டைக்காரர் சொன்னதையும் தள்ள முடியாது. ஆனால் அப்படிப் போகும் பெட்டிகள் பெரும்பாலும் முன்பே கிளட்ச் தேய்ந்தவை, வழுக்க ஆரம்பித்த பிறகு ஆயில் மாற்ற வருகிறார்கள், பழி ஆயில்மேல் விழுகிறது. உங்களுக்கு வழுக்கல் இல்லை, சூட்டில் தட்டு மட்டும்தான், அதனால் பயப்படாமல் மாற்றுங்கள். மெஷின் ஃப்ளஷ் மட்டும் வேண்டாம், இறக்கி நிரப்பினால் போதும்.

முதலில் நிரப்புகிற போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், அது கழன்ற பிறகுதான் கீழே ஆயிலை இறக்கும் ட்ரெயின் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேலே இறுகிப்போன போல்ட் வராமல் வண்டியை ஜாக்கியிலேயே விட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு, அதாவது ஆயில் பேன், பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தே வரும், அதனால் புதுப் பேன்தான் போட வேண்டும். பழைய பேனைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டினால் வயதுக்கு ஏற்ற தேய்மானம். கையில் குத்துகிற துகள் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். பேன் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்காதீர்கள்.

அளவு பார்ப்பதில்தான் நம் ஊரில் தவறு நடக்கிறது. வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். இன்ஜின் ஓடாமல் முதலில் நிரப்பி, பிறகு ஸ்டார்ட் செய்து மேலும் ஊற்றி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில விநாடி வைத்து எடுத்து, ஆயில் சூடு 30-க்கும் 50 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, நிரப்பும் துளையிலிருந்து ஆயில் மெல்லிய நூலாக வழிய வேண்டும், அப்போது மூட வேண்டும். சூடு ஸ்கேனரில் தெரியும். சித்திரை வெயிலில் உங்கள் பக்கம் நிறுத்தி வைத்த வண்டியிலேயே ஆயில் 40-ஐத் தொட்டுவிடும், வேலை முடிவதற்குள் 50 தாண்டும், ஆயில் விரிந்து கூடுதலாக வெளியே போய்விடும், பெட்டி பட்டினி கிடக்கும். விடியற்காலையில் செய்யுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:
ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விவரமாக யாருமே சொன்னதில்லை. பிரேக் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயிலையும் கூடவே மாற்றிவிடலாமா?

பொள்ளாச்சி_ஸ்பேனர்:
பிரேக் ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். தங்கை வீட்டிலிருந்து இறங்கும்போது அது நடக்கக் கூடாது. ஸ்டீயரிங் ஆயிலுக்கு மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள், ஏடிஎஃப் என்றும் இருக்கலாம், சிஎச்எஃப் 11எஸ் என்றும் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு வகை ஆயில், கலந்தால் சீல் போய்விடும்.

கொழிஞ்சாம்பாறை_தோப்பு (மூன்று வாரம் கழித்து):
ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, தெரிந்த மெக்கானிக் ஒருவரின் லிஃப்ட்டில் வேலையை முடித்தோம். நிரப்பும் போல்ட் வர இருபது நிமிடம் ஆனது, அண்ணா சொன்னது எவ்வளவு சரி! வெளியே வந்த ஆயில் கட்டங்காப்பி நிறம், லேசான கருகல் வாடை. காந்தத்தில் மை மட்டும்தான், துகள் இல்லை. வயர் செருகும் இடத்தில் சீல் கசிந்து பேன் ஓரமெல்லாம் ஈரமாக இருந்தது, அதையும் மாற்றினோம். 44 டிகிரியில் நூலாக வழிந்ததும் மூடினோம்.

நேற்று வால்பாறை போய் வந்தேன். இறங்கி வந்து ஆழியாறு செக்போஸ்ட்டில் நிறுத்தியபோது தட்டு இருந்தது, ஆனால் முன்பு இருந்ததில் கால் பங்குதான். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் பழைய ஆயில் இன்னும் நிற்கும் அல்லவா அண்ணா, 5,000 ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறக்கி நிரப்பட்டுமா?

பொள்ளாச்சி_ஸ்பேனர்:
செய்யுங்கள் தம்பி. இந்த முறை பேன் மாற்ற வேண்டாம், ஆயில் மட்டும் போதும்.