பவர் ஸ்டியரிங் கியருக்குத் தமிழில் ‘துணைவிசைச் சுக்கான் பெட்டி’ சரிவருமா?

> ‘திறன் திசைமாற்றிப் பற்சக்கரம்’ என்றே போட்டுவிடலாம். மூன்று சொல்லும் அகராதியில் இருக்கின்றன.

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் பவர் ஸ்டியரிங் கியருக்கு, அதாவது நாம் ஸ்டியரிங்கைத் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகத்துக்கு, நீங்கள் சொன்ன பெயர்களைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்று சொல்லும் அகராதியில் இருப்பது உண்மைதான். ஆனால் சேர்த்து வைத்தால் பொருள் ஒட்டவில்லை. போன வாரம் என் பழைய காரில் அந்தப் பாகத்தை மாற்றியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ‘கியர்’. கழற்றிக் கீழே வைத்தது சக்கரமே இல்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளக் குழாய். உள்ளே பல் வெட்டிய சட்டம், அதை நகர்த்தும் பினியன் என்ற சிறு பற்சக்கரம், எண்ணெய்க்கு வழிவிடும் வால்வு. ‘பற்சக்கரம்’ என்று எழுதினால் ஐடிஐ மாணவர் அந்தப் பினியனை மட்டும்தான் நினைப்பார். லாரிகளில் பெரும்பாலும் வருவது குண்டுகள் ஓடும் வேறு அமைப்பு. பட்டறையில் அதற்கு ‘ஸ்டியரிங் பாக்ஸ்’ என்றே பேர். ஆகவே பொதுப்பெயராகப் ‘பெட்டி’ போதும். கார் வகையைத் தனியாகச் சொல்ல ‘பற்சட்டப் பெட்டி’.

‘திறன்’ எனக்கு உறுத்துகிறது. இயற்பியலில் அது வாட்டில் அளப்பது. இங்கே நடப்பது வேறு. நாம் திருப்பியதும் உள்ளே ஒரு மெல்லிய முறுக்குத்தண்டு சில பாகை முறுகுகிறது. அந்த முறுக்கில் வால்வு திறந்து, பம்பிலிருந்து வரும் எண்ணெய் அந்தப் பக்கமாகச் சட்டத்தைத் தள்ளுகிறது. பம்பின் பெல்ட் அறுந்தாலும் வண்டி திரும்பும், கைதான் கடுக்கும். திருப்புவது நம் கை, எண்ணெய் அதற்குத் துணை. அதனால்தான் ‘துணைவிசை’ என்கிறேன்.

> ‘திருப்பி’ என்று சுருக்கலாமே?

‘திருப்பி மாற்றினேன்’ என்று எழுதிப் பாருங்கள். மறுபடி மாற்றியதாகத்தான் படிக்கத் தோன்றும்.

> சுக்கான் கப்பலுக்கு உரியது, போதாததற்கு அரபுச் சொல்.

கப்பலில் வந்து நம்மோடு தங்கிவிட்ட சொல் ஐயா. இலங்கையில் வாகனத்துக்கும் அதையே எழுதுகிறார்கள். சுக்கான் தண்டு, சுக்கான் எண்ணெய் என்று எதோடும் மடங்காமல் சேர்கிறது. ‘திசைமாற்றி’ அப்படிச் சேராது.

சட்டத்தின் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. மெக்கானிக் அதன் நுனியைக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணி, தரையில் சாக்பீஸால் ‘இடது 17, வலது 18’ என்று எழுதிக்கொண்டார். புதியதிலும் அதே கணக்கில் ஏற்றினால்தான் அலைன்மென்ட் பார்க்கப் போகும்வரை வண்டி ஒரு பக்கம் இழுக்காதாம். ‘இணைதண்டு’ என்றால் இணையான தண்டு என்று மயங்குமோ?

அப்புறம் ‘ப்ளீடிங்’, அதாவது எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. எண்ணெய் ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை எழுப்பாமலே சுக்கானை இரு பக்கமும் கடைசிவரை திருப்பித் திருப்பி விட்டார். எண்ணெய்க் கிண்ணத்தில் குமிழ் வருவது நிற்கும்வரை விடவில்லை. “ஏர் எடுக்கணும் சார்” என்றார். பட்டியலில் இருக்கும் ‘குருதிவடிப்பு’ என்பதை எடுத்துவிட்டுக் ‘காற்றெடுத்தல்’ என்று போடுவோமா?