மறு: தட்டம்மைக்குப் பின் வரும் ‘மறதி’ – வேறு சொல் வேண்டும்

வணக்கம் ஐயா.

> ‘நோயெதிர்ப்பு மறதி’ எளிய சொல், எல்லோருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்ளலாமே.

தட்டம்மை வந்து போனபின் உடல் பழைய நோய்களுக்கு எதிரான பாதுகாப்பை இழப்பதை ஆங்கிலத்தில் immune amnesia என்கிறார்கள். அதற்கான தமிழ்ச் சொல்லாக ‘நோயெதிர்ப்பு மறதி’ புரியும்தான். ஆனால் தப்பாகப் புரிகிறது. என் அக்கா கிராமச் சுகாதாரச் செவிலியர். அவருக்காக நான் எழுதிய துண்டறிக்கையில் இந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு தாய் அதைப் படித்துவிட்டு, “மறந்தது அப்புறம் ஞாபகம் வந்துடுமில்ல?” என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்டது நியாயம். மறதி என்றால் விஷயம் உள்ளே எங்கோ கிடக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை என்று பொருள். தட்டம்மையில் நடப்பது அதுவல்ல. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே வைரஸ் புகுந்துவிடுகிறது. அந்த அணுக்கள் செத்துப்போகின்றன. கொஞ்ச நாளில் வெள்ளணு எண்ணிக்கை பழையபடி ஏறிவிடும், பரிசோதனை அறிக்கையில் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் புதிதாக வந்து நிரம்பியவற்றில் பல, தட்டம்மையை மட்டுமே அறிந்தவை.

நெதர்லாந்தில் 2013இல் தட்டம்மை பரவியது. மத நம்பிக்கையால் தடுப்பூசியே வேண்டாம் என்றிருந்த பழமைவாத புராட்டஸ்டண்ட் குடும்பங்களில்தான் அதிகம். (இதற்குத் ‘தடுப்பூசித் தயக்கம்’ பொருந்தாது, மறுப்பு என்றே எழுத வேண்டும்.) அந்தக் குழந்தைகளிடம் நோய்க்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வந்தது. 77 குழந்தைகள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்களில் (கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) 11 முதல் 73 விழுக்காடு வரை போய்விட்டது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை. “அம்மை வந்து போனா உடம்பு கெட்டிப்படும்” என்று சொல்பவர்களிடம் நான் காட்ட விரும்புவது இந்த 73ஐத்தான். போனது தானாகத் திரும்பாது. அதே கிருமிகளிடம் மறுபடி அடிபட வேண்டும், அல்லது முன்பு போட்ட தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டும்.

ஆகவே ‘நோயெதிர்ப்பு நினைவழிவு’ என்று முன்வைக்கிறேன். ‘நோயெதிர்ப்பு நினைவு’ ஏற்கெனவே புழங்குகிறது, அதோடு அழிவு சேர்கிறது. ‘நினைவழிப்பு’ என்று ஒரு நண்பர் சொன்னார். அழிப்பு யாரோ செய்வது, அழிவு நேர்வது. கருக்கலைப்பையும் கருச்சிதைவையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே, அது போலத்தான். வைரஸ் செய்வதைச் சொல்லும்போது ‘நினைவை அழிக்கிறது’ என்று வினையாகவே எழுதிவிடலாம்.

இலங்கை நண்பர்கள் தட்டம்மையைச் சின்னமுத்து என்பார்கள், நோயெதிர்ப்பாற்றலை நிர்ப்பீடனம் என்பார்கள். அவர்கள் ‘நிர்ப்பீடன நினைவழிவு’ என்று எழுதட்டும். பின்பாதி ஒன்றாக இருந்தால் தேடுபவருக்கு இரண்டும் கிடைக்கும்.

சொல் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். துண்டறிக்கையில் முதல் இடத்தில் மட்டும் முழுதாகப் போட்டு, அப்புறம் ‘நினைவழிவு’ என்று சுருக்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள் ஐயா, மாற்றிவிடுகிறேன்.