சுகம் கிடைத்ததைச் சாட்சியாகச் சொன்னீர்களா? அப்போது என்ன நடந்தது?

காட்பாடி சகோதரி:
கர்ப்பப்பைக் கட்டி, ரத்தப்போக்கு, ஆபரேஷன். அந்தக் கதை நீளம், விடுங்கள். சுகமாகி வந்ததும் சபையில் சாட்சி சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொல்லிக் கைதட்டினார்கள். ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனுக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. "அக்கா, நீங்க என்ன வார்த்தை சொல்லி ஜெபம் பண்ணீங்க? அதையே சொல்லுங்க, நானும் அப்படியே பண்றேன்" என்றார். பதில் வரும்வரை கையை விடவில்லை. எனக்கோ அந்த நாட்களில் ஜெபிக்கவே தெம்பில்லை, என் நாத்தனார்தான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அதைத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

ராணிப்பேட்டை:
அப்பாவின் பைபாஸுக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஆயர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். அப்பா அமைதியாக உள்ளே போனார், நல்லபடியாகத் திரும்பி வந்தார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் சகோதரி, சாட்சி சொல்கிறவர்கள் சிலதைக் கவனிக்க வேண்டும். ஆபரேஷன் நடந்தது என்றால் நடந்தது என்று சொல்லுங்கள். சாப்பிட்ட மாத்திரையையும் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் யாரோ சொன்ன சாட்சியைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார், கால்விரல் போய்விட்டது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து என்ன செய்தார்? ஜெபித்தார், பிறகு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். யாக்கோபு 5-ஆம் அதிகாரத்திலும் வியாதியஸ்தன் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் இருக்கிறது, தனியாகக் கிடந்து போராடட்டும் என்று இல்லை. அந்த அம்மா வீட்டுக்கு ஆயரையும் மூப்பர்களையும் அழைத்துப் போங்கள். விசுவாசம் போதவில்லை என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது.

ஆற்காடு:
அண்ணா, மாத்திரையைச் சொல் என்கிறீர்கள், சரி. மாத்திரையே இல்லை என்று அனுப்பப்பட்டவன் எதைச் சொல்வது? மஞ்சள் காமாலை முற்றி, "வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா ராத்திரி முழுக்க முழங்காலில் இருந்தார். விடிந்ததும் நான் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டேன். அம்மா அடுப்பைப் பற்றவைக்க முடியாமல் கை நடுங்கி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இதை நான் கர்த்தர் செய்தார் என்றுதான் சொல்வேன். யாருக்காகவும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பாகாயம், நர்ஸ்:
தம்பி, குறைக்க வேண்டாம். ஆனால் எழுந்து நடக்காதவர்களுக்கும் சாட்சி உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கடைசிவரை நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் இங்கே மறுவாழ்வு மையம் வந்ததும் அவரால்தான். கழுத்தெலும்பு உடைந்து வந்த ஒரு பையனிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க கோபப்படவே இல்லையாக்கா?" என்று கேட்டான்.

குடியாத்தம்:
மேலே தொழுநோயாளிகளின் கை என்று படித்ததும்தான் எழுதத் தோன்றியது. என் தாத்தாவுக்கு அந்த நோய் இருந்தது. வேலூர் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் குணமாக்கினார்கள். ஆனாலும் விரல்கள் மடங்கியே இருந்தன, கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருப்பாராம். அப்புறம் நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து விரல்களுக்கு மாற்றித் தைத்தார்கள், டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் வளர்த்தெடுத்த முறை. உணர்ச்சி திரும்பவில்லை, விரல்கள் மட்டும் விரிந்தன. அடுத்த திருவிருந்தில் துண்டை எடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டி அப்பத்தை வாங்கினார் என்று பாட்டி சொல்லிச் சொல்லி அழுவார். வாயைத் திறந்து அவர் சாட்சி சொன்னதே இல்லை. நானாவது சபையில் சொல்கிறேன் என்றால் அம்மா தடுக்கிறார். அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள், அந்த நோயின் பெயர் காதில் விழுந்தாலே வந்த வரன் போய்விடும் என்கிறார். குணமாகி இத்தனை வருடம் ஆன பிறகும் இப்படி. அதனால் வெளியில் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.