மகாவலிக்கான நிதி: புதுப்பிப்பு

மகாவலி ஆறு கொட்டியாரக்குடாவில் கடலில் கலக்கும் இடத்தைத் துப்புரவாக்கவும், ஆற்று மீன்களைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் சொல்லவும் நிதி சேர்க்கிறோம் என்று போன மாதம் எழுதியிருந்தேன். சரி, தேவையான காசு சேர்ந்துவிட்டது. உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

மூதூர் பக்கம் நடந்த சோற்றுப் பார்சல் விற்பனைதான் பெரிதாகக் கைகொடுத்தது. மீன்பிடிக்கிற அண்ணன்மாரும் நானாமாரும் காசும் தந்து வள்ளமும் தந்தார்கள். முதல் துப்புரவில், கண்டல் வேர்களில் சிக்கிக் கிடந்த தங்கூசி (நைலோன் இழை) வலைகளைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். ஒரு துண்டுக்குள் நண்டுகள் காய்ந்து வெறும் கோதாக இருந்தன. இந்த வலை உக்காது. கைவிட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கொட்டியாரக்குடாவில் இருந்துகொண்டு மலைநாட்டு மீனைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த மலைநாட்டு மீன் லாபியோ பிஷெரி; இலங்கைக்கே உரியது, அழியும் ஆபத்தில் இருக்கிறது. மகாவலியின் மேற்பகுதியில், பாறைகளுக்கிடையே ஓடும் ஆழமான நீர்தான் அதற்கு வேண்டும். 1976இல் பொல்கொல்ல, 1985இல் விக்டோரியா என்று அணைகள் வர, அந்த ஓட்டம் மாறிவிட்டது. விலாங்குக்கோ கடலும் வேண்டும், ஆறும் வேண்டும்: கடலில் முட்டையிடும், குஞ்சுகள் மறுபடி ஆறேறும். 335 கிலோமீற்றரும் ஒரே ஆறுதான், தம்பி. மேல், கீழ் என்று பிரிக்க எனக்கு மனமில்லை.

வரவு செலவு விபரம் வாசிகசாலைப் பலகையில் இருக்கிறது. மிச்சக் காசில் பிள்ளைகளுக்கு மீன் படங்கள் அச்சிடுகிறோம். அப்புறம், மாரி தொடங்க முன் இன்னொரு துப்புரவு உண்டு. கையுறை இருந்தால் கொண்டு வாருங்கள்.