ஒற்றைச் சந்தையில் கடைசிச் சொல் யாருடையது: நாடாளுமன்றமா, லக்சம்பர்க் நீதிமன்றமா?

எல்லைக்கல்:

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் சுங்கச்சாவடி இல்லாத எல்லைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுங்க வரியை உறுப்பு நாடுகள் தாமே கையெழுத்திட்டு நீக்கின. அதில் எனக்கு மறுப்பில்லை. என் கேள்வி அதற்கு அப்பால் தொடங்குகிறது. இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது, அதற்கு ஒப்பான விளைவைத் தரும் நடவடிக்கையும் கூடாது என்கிறது ஒன்றியத்தின் அடிப்படை உடன்படிக்கையின் இன்றைய 34ஆம் பிரிவு. இந்த ஒரு வரியைக் கொண்டு, உறுப்பு நாடுகளுக்கிடையேயான வணிகத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ, இப்போதோ இனிமேலோ தடுக்கக்கூடிய எந்த வணிக விதியும் தடைக்குள் வரும் என்று 1974இல் டாசோன்வில் வழக்கில் லக்சம்பர்க் நீதிமன்றம், அதாவது அந்நகரில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம், தீர்ப்பளித்தது. 1979இல் காசிஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், உள்நாட்டுச் சரக்குக்கும் அயல்நாட்டுச் சரக்குக்கும் ஒரே மாதிரி பொருந்திய, பாகுபாடு என்று சொல்லவே முடியாத ஒரு ஜெர்மன் விதியையும் ஒதுக்கித் தள்ளியது. வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் ஒரு பொருளின் தரத்தை வரையறுக்கிறது. அந்த வரையறை தேவைதானா என்று தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் தீர்மானிக்கிறார்கள். இது சந்தைச் சட்டமா, அதிகார மாற்றமா?

துலாக்கோல்:

காசிஸ் வழக்கின் பெயரைச் சொன்ன நீங்கள் அதன் உள்விவரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், நண்பரே. விவரத்தில்தான் விடை இருக்கிறது.

பிரான்ஸில் பிளாக்கரண்ட் என்ற கருநிறச் சிறுபழத்திலிருந்து செய்யப்படும் காசிஸ் தெ திஜோன் என்ற மதுவில் ஆல்கஹால் 15 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். அத்தகைய பழ மதுவில் குறைந்தது 25 விழுக்காடு இருந்தால்தான் விற்கலாம் என்பது ஜெர்மன் விதி. ரேவே என்ற ஜெர்மன் வணிக நிறுவனம் அதை இறக்குமதி செய்ய முயன்றபோது, சாராய வாணிகத்தை மேற்பார்வையிட்ட அரசு அமைப்பு அதை ஜெர்மனியில் விற்க முடியாது என்று கூறிவிட்டது. விதியைக் காப்பாற்ற ஜெர்மன் அரசு முன்வைத்த வாதத்தைக் கவனியுங்கள்: வீரியம் குறைந்த மது பெருகினால் மக்கள் எளிதில் குடிக்குப் பழகிவிடுவார்கள், ஆகவே வீரியம் மிக்க மதுவே பொதுநலத்துக்கு உகந்தது! வீரியமான மதுவையும் மக்கள் பெரும்பாலும் நீர்க்கச் செய்தே அருந்துகிறார்கள், வீரியம் குறைந்த வேறு மதுவகைகளும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன என்று நீதிமன்றம் பதில் சொன்னது. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதே கவலையாக இருந்தால், அளவைக் குப்பியின் மேல் அச்சிடச் சொன்னால் போதும்.

அதே தீர்ப்புதான் பொது சுகாதாரம், நுகர்வோர் பாதுகாப்பு, வரி நிர்வாகம், வணிக நேர்மை ஆகிய காரணங்களுக்காக நாடுகள் விதிகள் வகுக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் கேட்பதெல்லாம் இரண்டு: காரணம் மெய்யானதா, இதைவிடக் குறைந்த இடையூறுடன் அதே பயனை அடைய வழியில்லையா? ஜெர்மன் நாடாளுமன்றத்தில் திஜோன் நகரத்து உற்பத்தியாளருக்கு வாக்கு இல்லை. தன்னுடைய சட்டத்தால் வெளியாருக்கு நேரும் இழப்பை எந்தச் சட்டமன்றமும் தானாக முன்வந்து கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த இழப்பைக் கணக்கில் கொண்டுவரும் ஓர் இடம் வேண்டும். அதைத்தான் லக்சம்பர்க் செய்கிறது.

எல்லைக்கல்:

வாக்கில்லாதவரின் குரல் என்பது வலுவான வாதம்தான். ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். 1987இல் பீர் வழக்கு வந்தது. பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் சேர்த்த பானத்தை பீர் என்ற பெயரில் விற்கக் கூடாது என்ற ஜெர்மன் விதியின் மூலம் 1516ஆம் ஆண்டின் பவேரிய ஆணைவரை செல்கிறது. இறக்குமதிச் சரக்கின் மீது அந்த விதியைச் செலுத்த முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் ஜெர்மன் ஆலைகளை அந்த விதியால் கட்டிவைக்க ஜெர்மனிக்குத் தடையில்லை. விளைவு, சொந்த நாட்டு உற்பத்தியாளருக்குக் கடுமையான விதியும் வெளியாருக்கு இளகிய விதியுமாக ஆயிற்று.

நீதிமன்றத்துக்கே தன் சூத்திரத்தின் அகலம் பின்னர் உறுத்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பு விதிகள்கூட அயல்நாட்டுச் சரக்கின் விற்பனையைக் குறைக்கின்றன என்று பிரிட்டிஷ் கடைக்காரர்கள் வழக்காடத் தொடங்கிய பிறகு, 1993இல் கெக் வழக்கில் அது பின்வாங்கியது. நட்டத்துக்கு மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற பிரெஞ்சுச் சட்டம் அங்கே கேள்விக்குள்ளாயிருந்தது. விற்கும் முறையை மட்டும் ஒழுங்குபடுத்தி, சட்டத்திலும் நடைமுறையிலும் அனைவரையும் ஒன்றுபோல் நடத்தும் விதிகள் இந்தத் தடைக்குள் வரா என்றது நீதிமன்றம். தானே அகலத் திறந்த மதகைப் பத்தொன்பது ஆண்டு கழித்துப் பாதி மூடியது.

துலாக்கோல்:

பாதி மூடியது என்றால், அளவு மீறியபோது திருத்திக்கொள்ளத் தெரிந்த நீதிமன்றம் என்றுதானே பொருள்? பீரைப் பொறுத்தவரை, ஜெர்மன் ஆலைகள் இன்றும் அந்தப் பழைய விதியின்படியே வடித்ததாகக் குப்பியின் மேல் அச்சிட்டுப் பெருமைப்படுகின்றன. தடையாக இருந்தது விளம்பரமாக மாறிவிட்டது.

நாடுகள் எப்போதும் தோற்பதும் இல்லை. டென்மார்க் பீருக்கும் குளிர்பானத்துக்கும் வைப்புத்தொகை பெற்றுக் குப்பிகளைத் திரும்ப வாங்கும் முறையைக் கட்டாயமாக்கியபோது, சுற்றுச்சூழலைக் காரணமாக ஏற்று 1988இல் நீதிமன்றம் அந்த முறையை நிலைநிறுத்தியது. அங்கீகாரமில்லாத வடிவக் குப்பிகளில் ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்று வைத்த அளவு வரம்பை மட்டும் மிகையென்று நீக்கியது. மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் ஸ்காட்லாந்துச் சட்டத்தை 2015இல் பரிசீலித்தபோது, வரியை உயர்த்தினால் வணிகத்துக்குக் குறைந்த இடையூறுடன் அதே பயன் கிடைக்காதா என்ற ஐயத்தை எழுப்பி, ஆய்ந்து முடிவெடுக்கும் பொறுப்பை உள்நாட்டு நீதிமன்றத்திடமே விட்டது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017இல் சட்டம் செல்லும் என்றது.

உளி:

இருவரும் குப்பிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இதே தர்க்கத்தை உழைப்புக்குப் பொருத்தினால் என்னவாகிறது என்று பார்க்க, 2004இல் ஸ்டாக்ஹோம் அருகே வாக்ஸ்ஹோமில் நடந்த ஒரு பள்ளிக் கட்டட வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

லாவல் என்ற லாட்வியா நிறுவனம் தன் தொழிலாளர்களை அங்கே அனுப்பியது. ஸ்வீடனில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று கிடையாது. ஊதியத்தைத் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் கூட்டு ஒப்பந்தத்தில் முடிவு செய்வார்கள். மணிக்கு 145 குரோனர் தரவேண்டும் என்று சங்கம் கேட்டது. லாவல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. கட்டுமானத் தொழிலாளர் சங்கம் வேலைத்தளத்தை மறித்தது. சரக்கு வண்டிகள் உள்ளே போக முடியவில்லை. மின்பணியாளர் சங்கமும் ஆதரவாகச் சேர்ந்ததால் மின்வேலையும் நின்றது. இந்த மறியல், சேவை வழங்கும் சுதந்திரத்தின் மீதான நியாயப்படுத்த முடியாத கட்டுப்பாடு என்று 2007 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பின்னர் ஸ்வீடன் தொழிலாளர் நீதிமன்றம் சங்கங்கள் இழப்பீடு தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

குப்பியின் மேல் ஆல்கஹால் அளவை ஒட்டினால் வாங்குபவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பக்கத்துத் தளத்தில் ஒருவர் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்பதை எந்த ஒட்டுச்சீட்டில் எழுதி எதைச் சரிசெய்வது? ஒரு நாட்டில் முறைப்படி விற்கப்படுவதை மற்ற நாடுகளும் ஏற்கவேண்டும் என்ற, சரக்குக்குப் பொருந்தும் பரஸ்பர அங்கீகாரத்தை ஊதியத்துக்குக் கொண்டுவருவது அடிப்படையிலேயே பிழை என்பது என் கருத்து. இதில் நான் எல்லைக்கல் அவர்களின் பக்கம்.

துலாக்கோல்:

உளி அவர்களின் கோபம் புரிகிறது. ஆனால் லாட்வியத் தொழிலாளியும் தொழிலாளிதான் என்பது உங்கள் பதிவில் எங்கோ தொலைந்துவிட்டது. எவ்வளவு தரவேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே அறிய வழியில்லாத பேச்சுவார்த்தைக்குள் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தைத் தள்ளியதைத்தான் நீதிமன்றம் குறையாகக் கண்டது. ஊதியத்தைச் சட்டத்திலோ அனைவருக்கும் பொதுவான ஒப்பந்தத்திலோ தெளிவாக எழுதிவைத்திருந்தால் கதை வேறு.

மேலும், எல்லைக்கல் அவர்களின் முதல் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அயல்நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர் பற்றிய 1996ஆம் ஆண்டின் வழிகாட்டுச் சட்டத்தை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் நிறைவேற்றவேண்டிய ஒன்றியச் சட்டம்) ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அமைச்சர் மன்றமும் 2018இல் திருத்தின. குறைந்தபட்ச ஊதிய விகிதம் என்ற இடத்தில் இப்போது அந்நாட்டில் கட்டாயமாக உள்ள முழு ஊதியம் வருகிறது. பன்னிரண்டு மாதங்களுக்குப் பின், நீட்டித்தால் பதினெட்டு மாதங்களுக்குப் பின், வேலை நடக்கும் நாட்டின் தொழிலாளர் விதிகளில் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். ஹங்கேரியும் போலந்தும் தொடுத்த வழக்கை 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டமியற்றுவோர் பேசினார்கள், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

எல்லைக்கல்:

பதினோரு ஆண்டுகள் கழித்து. அதுவும் திருத்தத்தக்க ஒரு வழிகாட்டுச் சட்டம் அங்கே இருந்ததால்தான் அவ்வளவாவது முடிந்தது. லாவலுக்கு ஒரு வாரம் முன்பு வந்த வைக்கிங் தீர்ப்பு அப்படியல்ல. ஹெல்சின்கிக்கும் தாலினுக்கும் இடையே ஓடிய ரோசெல்லா கப்பலை, குறைந்த ஊதியத்தில் பணியாளர்களை அமர்த்துவதற்காக, எஸ்டோனியக் கொடிக்கு, அதாவது எஸ்டோனியப் பதிவுக்கு, மாற்ற வைக்கிங் நிறுவனம் முயன்றது, ஃபின்லாந்துக் கப்பல் பணியாளர் சங்கம் எதிர்த்தது. அந்தத் தீர்ப்பு உடன்படிக்கையின் வாசகத்தையே அடித்தளமாகக் கொண்டது. உடன்படிக்கையை மாற்ற அத்தனை உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஒரு சாதாரணச் சட்டத்தில் இருக்கவேண்டிய விவரங்களை நீதிமன்றம் உடன்படிக்கையின் பொருளாக்கிவிட்டால், பெரும்பான்மை கிடைத்தாலும் எந்த நாடாளுமன்றமும் அதைத் தொட முடியாது. நான் கேட்ட அதிகார மாற்றம் இதுதான்.

துலாக்கோல்:

ஒருமனம் என்ற தடையின் கனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உடன்படிக்கையின் சுதந்திரங்களுக்கு முன் மற்ற உரிமைகள் எப்போதும் தோற்கின்றன என்பதும் சரியல்ல. 1998இல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் இணைக்கும் பிரென்னர் நெடுஞ்சாலையை ஏறக்குறைய முப்பது மணி நேரம் மறித்தார்கள். ஆஸ்திரிய அரசு அனுமதித்தது. ஷ்மிட்பெர்கர் என்ற சரக்குந்து நிறுவனம் இழப்பீடு கேட்டபோது, கூடுவதற்கும் பேசுவதற்கும் உள்ள உரிமையை மதித்த அரசின் மீது தவறில்லை என்று 2003இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்பெயின் ஸ்ட்ராபெரி ஏற்றிவந்த சரக்குந்துகளைப் பிரெஞ்சு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் தாக்கியதைக் கைகட்டிப் பார்த்திருந்த பிரான்ஸை 1997இல் கண்டித்ததும் இதே நீதிமன்றம்தான். வன்முறையையும் அமைதியான மறியலையும் அது பிரித்தே பார்த்திருக்கிறது.

உளி:

ஷ்மிட்பெர்கர் வழக்கில் எடைபோடப்பட்டது ஓர் அரசின் முடிவு; அதற்குத் தாராளமான இடம் தரப்பட்டது. வைக்கிங்கில் அதே சோதனைக்கு ஒரு தொழிற்சங்கம் நின்றது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை என்று ஒப்புக்கொண்ட அதே தீர்ப்பு, உறுப்பினர்களின் வேலை மெய்யாகவே ஆபத்தில் இருந்ததா, இதைவிட மென்மையான வழிகளையெல்லாம் சங்கம் முயன்று பார்த்ததா என்று உள்நாட்டு நீதிமன்றம் ஆராய வேண்டும் என்றது. முதலாளிக்கு இடையூறு தராத வேலைநிறுத்தம் எங்கே இருக்கிறது? வழக்கு அது தொடங்கிய இங்கிலாந்து நீதிமன்றத்துக்கே திரும்பியபின் தரப்பினர் 2008இல் தங்களுக்குள் சமரசம் செய்துகொண்டார்கள். எனவே அந்த இரண்டு கேள்விகளுக்கும் ரோசெல்லா பணியாளர்களின் விஷயத்தில் எந்த நீதிபதியும் விடை எழுதவில்லை.