சலான் மென்பொருளுக்கு முழக்க வரி: "உங்கள் கணக்கு, உங்கள் கையில்" சரியா?

நொய்யல்கரை (வியாழன் இரவு)

வணக்கமுங்க. கம்பெனி துணியைக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கிற திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்காக நாம் சேர்ந்து எழுதும் சலான் (சரக்கோடு போகிற சீட்டு) மென்பொருள் மூன்று வருஷமாக ஓடுகிறது. கட்டிங்கிலிருந்து கிளம்பும் துணி பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு யூனிட்டாகச் சுற்றித் திரும்புகிற வரைக்கும் எத்தனை பீஸ் போனது, எத்தனை வந்தது, யாருக்கு என்ன கூலி என்று பார்ப்பதுதான் அதன் வேலை. முகப்பில் இன்னும் வெறும் பெயர்தான் நிற்கிறது. அடுத்த பதிப்போடு ஒரு முழக்க வரியும் கீழே நோக்க அறிக்கையும் போடலாம் என்று இருக்கிறேன்.

வரி: "உங்கள் கணக்கு, உங்கள் கையில்."

நோக்கம்: "கொங்கு மண்டலத்தின் சிறுதொழில்கள் அனைத்திற்கும் பிழையற்ற, இலவச, திறந்த மூலக் கணக்கு மென்பொருளை வழங்குவது."

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஏற்றிவிடுவேன்.

ஊத்துக்குளி வெண்ணெய்

முழக்கத்தை அப்புறம் பார்ப்போம். முதலில், ஓப்பன் சோர்ஸுக்குப் போட்ட அந்தத் "திறந்த மூலம்" போகட்டும், சாமி. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்தாலும் "மூலம், பௌத்திரம்" விளம்பரம் இருக்கிற நாடு இது. என் மாமாவுக்கு உங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "ஏன் கண்ணு, அதைத் திறந்து வேற காட்டணுமா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அடுத்து "பிழையற்ற", "இலவச", "அனைத்திற்கும்". மூன்றுமே நம்மால் காப்பாற்ற முடியாத சொற்கள்.

மஞ்சமூட்டை

"இலவச"த்தில் என்ன தப்பு? ஈரோட்டில் மண்டிக்காரர் ஒருவரிடம் போய், யாரும் மாற்றலாம், பகிரலாம் என்கிற பொருளில் "கட்டற்ற மென்பொருள்" என்றால் வைரஸைக் கொண்டுவந்தவனைப் போலப் பார்ப்பார். இலவசம் என்றால் அந்த நொடியே புரியும். காசு வாங்குவதில்லைதானே? அதைச் சொல்ல ஏன் கூச்சம்?

ஊத்துக்குளி வெண்ணெய்

ஆங்கிலக்காரர்களுக்கு "ஃப்ரீ" என்று ஒரே சொல். 1983இல் குனூ என்கிற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், நான் சொல்வது விலையை அல்ல, சுதந்திரத்தை என்று இத்தனை வருஷமாக விளக்கிக்கொண்டே இருக்கிறார். 1998இல் சிலர் "ஓப்பன் சோர்ஸ்" என்று புதுப் பெயர் வைத்ததற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம். நமக்கு அந்தத் தலைவலியே கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தமிழ் விக்கிப்பீடியா "கட்டற்ற கலைக்களஞ்சியம்" என்று போட்டுக்கொண்டு நன்றாகத்தான் ஓடுகிறது. தனித்தனியாக இரண்டு சொல் கையில் இருக்கும்போது மட்டமானதை ஏன் எடுக்க வேண்டும்?

சலான்புக்

நான் கோட் எழுதுகிறவன் இல்லைங்க. 32 மெஷின் வைத்து யூனிட் நடத்துகிறேன், இரண்டு வருஷமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். எனக்கு இரண்டு சொல்லும் வேண்டாம். இலவசம் என்றால் எங்கள் ஆள்கள் 2011இல் கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேனைத்தான் நினைப்பார்கள். அப்புறம், சும்மா கொடுக்கிறவன் வேறு எங்கேயோ பிடித்துக்கொள்வான் என்கிற பயமும் வரும். கட்டற்ற என்றால் சொன்ன பேச்சு கேட்காத பையன்.

"வாங்கினவர் மாற்றிக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்" என்று எழுதுங்களேன். எனக்கு அப்படிச் சொல்லித்தான் புரிய வைத்தீர்கள்.

நொய்யல்கரை

அண்ணா சொல்வது சரி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். "பிழையற்ற" மட்டும் இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கணக்கு மென்பொருளில் பிழை வரலாம் என்று நாமே எழுதினால் யார் நம்புவார்கள்?

ஊத்துக்குளி வெண்ணெய்

பெயரே நொய்யல்கரை என்று வைத்துக்கொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா? சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே நொய்யல் ஆற்றுக்குப் போகாது என்பதற்கு நம் ஊரில் "ஜீரோ டிஸ்சார்ஜ்" என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த ஜீரோ எங்கே என்று பார்த்தது. சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த வருஷம் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூஜ்யத்தை முகப்பில் எழுதினால் யாராவது ஒருநாள் எண்ணிப் பார்ப்பார்கள்.

மஞ்சமூட்டை

எண்ணட்டுமே! ஓப்பன்பிஎஸ்டி என்கிற இயங்குதளக்காரர்கள் அதைத்தானே செய்தார்கள். இயல்பாக நிறுவினால் வெளியிலிருந்து நுழைய ஒரு ஓட்டைகூட ஐந்து வருஷமாக இல்லை என்கிற பொருளில் முழக்கம் வைத்திருந்தார்கள். 2002இல், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் அவர்களுடைய ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் ஓட்டை கிடைத்தது. முழக்கத்தை "ஒன்றே ஒன்று" என்று மாற்றினார்கள். 2007இல் இன்னொன்று கிடைத்ததும் "இரண்டே இரண்டு". வெட்கப்பட்டுத் தூக்கி எறியவில்லை. எனக்குத் தெரிந்த முழக்கங்களிலேயே நாணயமானது அதுதான். இணையதளம் அமைக்கிற வேர்ட்பிரஸ் "கோட் என்பது கவிதை" என்று போட்டிருக்கிறது. அதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஊத்துக்குளி வெண்ணெய்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் எண்ணை மாற்றும் துணிச்சலோடு எண்ணைப் போட்டார்கள். இங்கே "பிழையற்ற" என்று வைத்த மறுவாரம் கூலி தப்பாகக் கூட்டினால் "ஒரே ஒரு பிழை" என்று திருத்துவீர்களா? போன தீபாவளி போனஸ் சமயத்தில் ஒன்றரை ஷிஃப்டை ஒரு ஷிஃப்ட்டாக எடுத்துக்கொண்டதே, அதிலிருந்தே எண்ண ஆரம்பிக்கலாமா?

நொய்யல்கரை

சரி, சரி. "பிழையற்ற" போய்விட்டது.

பவர்டேபிள் (வெள்ளி காலை)

எல்லாரும் அறிக்கையைப் பிடித்துக்கொண்டு முழக்கத்தை விட்டுவிட்டீர்கள். "உங்கள் கணக்கு, உங்கள் கையில்." இதில் "உங்கள்" யாருங்க?

அம்மா பவர் டேபிளில் இருபது வருஷம் இருந்தவர். பீஸ் ரேட், அதாவது முடித்த பீஸுக்குத்தான் கூலி. ஒரு சின்ன நோட்டில் தினமும் எத்தனை பீஸ் முடித்தோம் என்று எழுதிக்கொண்டு வருவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது நோட்டு ஒன்று சொல்லும், யூனிட்டின் கணக்கு ஒன்று சொல்லும். வாரத்துக்கு பத்து, பதினைந்து பீஸ் வித்தியாசம். கேட்டால் "செக்கிங்கில் ரிஜெக்ட்" என்பார்கள். எந்த பீஸ், எப்போது, யார் பார்த்தது என்று எதுவும் இருக்காது. நான் இந்தத் திட்டத்தில் கோட் எழுத வந்ததே அந்த நோட்டுக்காகத்தான்.

இப்போது நம் மென்பொருள் முதலாளியின் போனில் இருக்கிறது. அம்மாவின் நோட்டு அம்மாவிடமே இருக்கிறது. அப்படியென்றால் "உங்கள் கையில்" என்பது முதலாளியிடம் பேசுகிற வரி. நான் சொல்லும் வரி: "சனிக்கிழமை சண்டை இல்லை."

மஞ்சமூட்டை

அருமை! லாரி பின்னால் எழுதலாம்.

சலான்புக்

அம்மணி, வருத்தமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு நடந்தது தப்பு. ஆனால் அந்த வரியைப் போட்டால் நான் என் யூனிட் சுவரில் ஒட்ட முடியாது. "இத்தனை நாள் சண்டை போட்டவன் நான்தான்" என்று போர்டு மாட்டினது போல ஆகிவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். மேலே கம்பெனியிலிருந்து 1,200 பீஸ் என்று சலான் வரும். கட்டைப் பிரித்து எண்ணினால் 1,184 இருக்கும். அன்றைக்கே சொல்லாவிட்டால் அந்த 16 பீஸும் என் தலையில். கம்பெனிக்காரருக்கும் அவர் பயம். ஜிஎஸ்டி சட்டம் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பின நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவர் எண்ணிக்கையை விடவே மாட்டார். உங்கள் அம்மா என் முன்னால் நோட்டோடு நிற்பது போலத்தான் நான் கம்பெனியில் நிற்கிறேன். நான் முதலாளி என்பதெல்லாம் எங்கள் தெருவுக்குள் மட்டுங்க.

பவர்டேபிள்

அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. சண்டை எண்ணிக்கையில்தான். ஆனால் கம்பெனியோடு தகராறு வந்தால் காட்ட உங்களிடம் ஒரு சலானாவது இருக்கிறது. டெய்லரிடம் அதுவும் இல்லை. "இருவரும் எண்ணிய கணக்கு" என்று வைப்போமா? கொடுத்தவரும் எண்ணணும், வாங்கினவரும் எண்ணணும்.

ஊத்துக்குளி வெண்ணெய்

வரி நன்றாக இருக்கிறது. இப்போதைக்குப் பொய். வாங்குகிறவர் ஒத்துக்கொண்டார் என்று பதிவு செய்ய யூனிட்டுக்கு மட்டும்தான் பொத்தான் இருக்கிறது. டெய்லருக்கு இல்லை.

பவர்டேபிள்

செய்கிறேன். போன் இல்லாதவருக்கு சின்ன பில் பிரிண்டரில் துண்டுச் சீட்டு. அந்த பிரிண்டர்களில் பலதுக்கும் தமிழ் எழுத்து தெரியாது, சீட்டைப் படமாக வரைந்துதான் அனுப்பணும். அதற்கு ஒரு மாதம் ஆகும். ஆனால் நோக்க அறிக்கையில் இன்றைக்கே இருக்கணும். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து "டெய்லர் எத்தனை தடவை எழுந்து போனார்" என்று பார்க்கிற வசதியைக் கேட்பார்கள். அப்போது எதைக் காட்டி மறுப்பீர்கள்?

நொய்யல்கரை

கேட்டாயிற்று. போன மாதமே ஒருவர் கேட்டார். "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பவர்டேபிள்

பார்த்தீர்களா!

சோமனூர் தறி (சனி இரவு)

தாமதமாக வருகிறேன், தறி ஓட்டிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். "அனைத்திற்கும்" என்கிற சொல்லை வெண்ணெய் எடுக்கச் சொல்கிறார். எடுக்கக் கூடாது. நாங்களும் ஜாப் ஒர்க்தான். பாவு நூல் வியாபாரியிடமிருந்து வருகிறது, துணியாக நெய்து மீட்டருக்குக் கூலி வாங்குகிறோம். நூல் எடை போட்டு வரும், துணி மீட்டரில் போகும், நடுவில் கழிவு. எங்கள் கூலித் தகராறு உங்கள் பீஸ் தகராறைவிடப் பழையது. "அனைத்திற்கும்" என்று படித்துத்தான் உள்ளே வந்தேன்.

ஊத்துக்குளி வெண்ணெய்

அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். நீங்கள் நம்பி வந்தீர்கள், உள்ளே மீட்டர் என்று ஒரு கட்டமே இல்லை.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் பாருங்கள். 1997இல் எழுதிய சமூக ஒப்பந்தத்தில், டெபியன் முழுக்கக் கட்டற்ற *மென்பொருளாக* இருக்கும் என்று இருந்தது. 2004இல் சும்மா வாசகத் திருத்தம் என்று ஓட்டெடுத்து அந்த "மென்பொருள்" என்கிற சொல்லை எடுத்தார்கள். உடனே கையேடு, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எல்லாம் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. வெளிவரக் காத்திருந்த பதிப்பு சிக்கிக்கொண்டது. திருத்தத்தைத் தள்ளிவைக்க இன்னொரு ஓட்டு. அந்தப் பதிப்பு வந்தது 2005 ஜூனில். ஃபர்ம்வேர் தகராறு அதோடும் தீரவில்லை, 2022இல் மறுபடியும் ஓட்டெடுத்து ஒப்பந்தத்தில் விலக்கு எழுதினார்கள். நீங்கள் "அனைத்திற்கும்" என்பதை டீ குடிக்கிற நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

சோமனூர் தறி

டெபியன் கதை எனக்கு எதிராக இல்லையே. அந்தச் சொல் இருந்ததால்தானே நின்று பேசினார்கள்? "திருப்பூர் பின்னலாடை மட்டும்" என்று எழுதிவிட்டால் மீட்டர் கட்டம் எந்தக் காலத்திலும் வராது.

நொய்யல்கரை

இதில் எனக்கு இன்னும் முடிவு இல்லை. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. "பின்னலாடை ஜாப் ஒர்க்கில் தொடங்கி" என்று எழுதினால் வெண்ணெய் மழுப்பல் என்பார், தறிக்காரர் ஏமாற்று என்பார்.

ஊத்துக்குளி வெண்ணெய்

மழுப்பல்.

சோமனூர் தறி

ஏமாற்றெல்லாம் இல்லை. ஆனால் எப்போது என்று தேதி கேட்பேன்.

சலான்புக் (ஞாயிறு மதியம்)

தம்பி நொய்யல்கரை, "உங்கள் கையில்" என்று எழுதியிருக்கிறீர்களே என்று இன்று சோதித்துப் பார்த்தேன். இரண்டு வருஷக் கணக்கையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செலில் திறந்தேன். எண்ணெல்லாம் சரியாக இருக்கிறது. ஆள் பெயர் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. தலையில் கொம்பு வைத்த ஏதோ ஆங்கில எழுத்து, நடுவில் கட்டம் கட்டமாக. எந்தக் கூலி யாருக்கு என்றே தெரியவில்லை. இது என் கையில் இருக்கிற கணக்கா?

நொய்யல்கரை

அண்ணா, மன்னிக்கணும். கோப்பு, எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில்தான் இருக்கிறது, உள்ளே தமிழ் அழியவில்லை. விண்டோஸில் எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று தெரிந்துகொள்ளக் கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் வைக்க வேண்டும். நான் லினக்ஸில் மட்டும் திறந்து பார்த்துவிட்டு விட்டிருக்கிறேன். மூன்று வருஷம் யாரும் சொல்லவில்லை.

பவர்டேபிள்

மூன்று வருஷம் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. திருத்தம் அனுப்பிவிட்டேன். ஒரே வரிதான்.

சலான்புக் (ஞாயிறு இரவு)

புதுப் பதிப்பில் எடுத்துத் திறந்தேன். பெயரெல்லாம் வந்துவிட்டது. அம்மணிக்கு நன்றி.

நொய்யல்கரை

நாளைக்கு முழக்கம் போடவில்லை. எழுந்து போவதை எண்ணும் வசதி கேட்டவருக்கு முடியாது என்று இப்போதுதான் எழுதினேன். டெய்லர் சீட்டு வந்த பிறகு "இருவரும் எண்ணிய கணக்கு" பற்றிப் பேசலாம். அதுவரை முகப்பில் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்: "பீஸ் போனது, வந்தது, கூலி."

பவர்டேபிள்

கூலியை முதலில் போடுங்கள்.

சலான்புக்

பீஸ் வந்தால்தானே கூலி, அம்மணி.

சோமனூர் தறி

பீஸா? அப்ப மீட்டர்?