தேவதாரு கோவையில் வருமா? இல்லையென்றால் எந்த மரம்?

மேட்டுமனை:
வணக்கம். கோவைக்கு வெளியே செம்மண் மனை. வீட்டின் மேற்கே 30க்கு 25 அடி காலி இடம். மதியத்துக்கு மேல் வெயில் முழுக்கச் சுவரில்தான். தேவதாரு வைக்க ஆசை. நர்சரியில் 6 அடிக் கன்று காட்டினார்கள். இலை நீளமாக, ஓரம் நெளிநெளியாக இருக்கிறது. வாங்கலாமா? சந்தன வேம்பும் சிடார்தான் (தேவதாரு இனம்) என்கிறார்களே, அது சரியா?

கரட்டுக்காடு:
இலை நெளிந்திருந்தால் அது நெட்டிலிங்கம். வங்காளத்தில் அதற்கே தேவதாரு என்று பெயர், குழப்பம் புதிதல்ல. இமயமலைத் தேவதாருவுக்கு இலை ஊசி ஊசியாகக் கொத்தாக இருக்கும். மேற்கு இமயத்தில் 1500 மீட்டருக்கு மேல் குளிரில் வளர்வது. கோவை வெயிலில் நிற்காது.

நம் கரட்டுக்காட்டிலும் ஒரு 'தேவதாரம்' உண்டு: செம்புளிச்சான். கட்டை வாசனையானது, பழம் சிவப்பு, பறவைகள் விடாது. சிறு மரம்தான், மெதுவாகத்தான் வரும். சரளை மண்ணே போதும். தண்ணீர் தேங்கினால் போய்விடும்.

வேரடி:
சந்தன வேம்பு வேப்பங் குடும்பம். ஆஸ்திரேலியாவில் ரெட் சிடார் என்பதும் இதைத்தான், ஆனால் உண்மையான சிடாருக்கு உறவில்லை. 80 அடிக்கு மேல் போகிற மரம் உங்கள் மனைக்கு ஆகாது. தோட்டத்து வேலியோரம் என்றால் வைக்கலாம், அங்கேயும் தொல்லை குருத்துத் துளைப்பான். மழைக்குப்பின் வரும் இளங்குருத்தில் புழு நுழையும். நுனி வாடும், துளையில் பிசினும் எச்சமும் தெரியும். துளைக்குக் கீழே, உள்ளே சுத்தமான தண்டு தெரியும்வரை வெட்டி எரித்துவிட வேண்டும். பிறகு நாலைந்து கிளை வெடிக்கும். நேராக உள்ள ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் மரம் கவட்டையாகிவிடும், பலகைக்கு உதவாது.

நிழல்வாசி:
மேற்கு வெயிலுக்குப் புங்கன். மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும் கத்திரி வெயிலுக்குள் தளிர்த்து அடர்ந்துவிடும். சரக்கொன்றை அழகுதான், ஆனால் நிழல் வேண்டிய சித்திரையில் பூ மட்டும் இருக்கும், இலை இருக்காது. பொறுமை இருந்தால் மகிழம்: இலை கொட்டாது, வேரும் அடக்கம், வளர்ச்சி மட்டும் ஆமைவேகம். புங்கன் சுவரிலிருந்து 15 அடி, மகிழம் 10 அடி. இரண்டில் எதையும் செப்டிக் டேங்க் பக்கம் வைக்காதீர்கள்.

6 அடிக் கன்று வேண்டவே வேண்டாம். பையில் பல வருடம் கிடந்து ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். நட்டபின் அந்தச் சுருளே பெருத்து மரத்தை நெரிக்கும், காற்றுக்குச் சாயும். ஒன்றரை, இரண்டு அடிக் கன்று எடுங்கள். நடும்போது பையின் அடியில் ஓர் அங்குலம் வெட்டிச் சுருண்ட வேரை நீக்குங்கள்.

குழி 3 அடி நீள அகல ஆழம். மேல்மண்ணைத் தனியே வையுங்கள். மூன்று பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம், கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு. பச்சைச் சாணி போட்டால் கறையான் தேடி வரும். தண்டின் அடி பையில் இருந்த மட்டத்திலேயே நிற்கட்டும். புதைந்தால் பட்டை அழுகும்.

மேட்டுமனை:
நன்றி. புங்கன் ஒன்று, செம்புளிச்சான் ஒன்று என்று முடிவு. எப்போது நடலாம்? தண்ணீர் எவ்வளவு?

நிழல்வாசி:
புரட்டாசி கடைசியில், ஐப்பசி மழைக்கு முன். மழை நின்றபின் முதல் கோடை முடியும்வரை புங்கனுக்கு வாரம் இருமுறை 15 லிட்டர். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். பாத்தியைத் தண்டை ஒட்டிக் கட்டாமல் ஒன்றரை அடி தள்ளி வட்டமாகக் கட்டுங்கள். 3 அங்குலம் சருகு மூடாக்கு, தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு.

கரட்டுக்காடு:
செம்புளிச்சானுக்கு அதில் பாதி போதும். இரண்டையும் ஒரே சொட்டுநீர்க் குழாயில் மாட்டிவிடாதீர்கள்.